நாற்றம் நின்ற பிறகு

ஜனவரி 11

அம்மாடி,

உன்னை இப்படிக் கூப்பிட எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. கோர்ட்டில் விவாகரத்து கொடுத்தது உனக்கும் என் மகனுக்கும்தான். மாமனாரைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வரியும் கிடையாது, நான் நன்றாகப் பார்த்துவிட்டேன். அதனால் துணிந்து எழுதுகிறேன். உன் கம்பெனி விலாசம் பழைய கவர் ஒன்றில் கிடைத்தது.

சேதி என்னவென்றால், நம் வீட்டுக்குப் பின்னால் இருந்த குப்பை மேட்டை மூடிவிட்டார்கள். நிஜமாகவே மூடிவிட்டார்கள். மழைக்கு முன்பே லாரி வரத்து நின்றது. பிறகு தடித்த கறுப்பு விரிப்பை மேடு முழுக்கப் போர்த்தி, அதன்மேல் களிமண் கொட்டி, ரோலர் ஓட்டி, புல் விதை தூவினார்கள். இப்போது பச்சையாக இருக்கிறது. தெரியாதவன் பார்த்தால் மலையடிவாரத்தில் வீடு கட்டியிருக்கிறேன் என்று பொறாமைப்படுவான்.

நாற்றம் அடியோடு போய்விட்டது. நீ இருந்தபோது பின் ஜன்னலில் ஈரத் துணி கட்டித் தொங்கவிடுவாயே, அதெல்லாம் இனி வேண்டாம். நான் வேலை மேசையைப் பின் அறைக்கே மாற்றிக்கொண்டேன், நீங்கள் இருவரும் இருந்த அறைக்கு. மெழுகு வேலைக்கு அங்கே வெளிச்சம் நன்றாக இருக்கிறது. பல் டாக்டர் இன்னும் எனக்கு வேலை அனுப்புகிறார். ஊரில் பல் விழுவது நின்றபாடில்லை, எனவே பல் செட் செய்கிறவனுக்குப் பஞ்சமில்லை.

காதுதான் சுத்தமாகப் போய்விட்டது. முன்பு லாரி போனால் தரை அதிரும், பாதத்தில் தெரியும். ஓ, உலகம் நடக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். இப்போது அதுவும் இல்லை. பின்சுவரோரம் நீ வைத்த செம்பருத்தி வரிசை, தண்ணீர் ஊற்றியும் காய்ந்துகொண்டே வருகிறது. நாற்றம் பழகிப்போன செடி போலிருக்கிறது. எனக்கும் காலையில் கொஞ்சம் தலை கனக்கிறது. வயதுதான்.

வேறொன்றும் இல்லை. நாற்றம் போய்விட்டது, அதைச் சொல்லத்தான் எழுதினேன்.

மாமா


ஜனவரி 19

மாமாவுக்கு வணக்கம்.

உங்கள் கையெழுத்தைக் கவரில் பார்த்ததும் ஏதோ கெட்ட செய்தி என்று நினைத்துப் பயந்தேன். பிரித்துப் படித்த பிறகும் அந்தப் பயம் போகவில்லை.

நான் இப்போது இருப்பதும் ஒரு குப்பை மேட்டின் அடியில்தான். எங்கள் கம்பெனி இந்த ஊர்க் குப்பைக் கிடங்கை மூடுகிறது. அலுவலகம் என்பது ஒரு இரும்புப் பெட்டி அறை, அதன் பின்பாதியில் என் கட்டில். தினமும் காலையில் மீட்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு மேட்டில் புதைத்திருக்கும் குழாய் ஒவ்வொன்றாகப் போய் வாயு எவ்வளவு என்று அளக்கிறேன். நாள் முழுக்க மனிதக் குரல் கேட்காத நாளும் உண்டு. அதை விடுங்கள்.

மாமா, குப்பையை மூடிவிட்டால் அது செத்துவிடாது. உள்ளே மக்கிக்கொண்டேதான் இருக்கும், மீத்தேன் வாயு வந்துகொண்டேதான் இருக்கும். இத்தனை நாள் அது மேலே போனது, உங்களுக்கு நாறியது. இப்போது மேலே மூடி போட்டாயிற்று. வழி விடாவிட்டால் பக்கவாட்டில் மண்ணுக்குள் போகும். சாக்கடைக் குழாய் புதைத்த பள்ளம், சுவரடி, தரை விரிசல் என்று எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே. மண்ணுக்குள் வடிகட்டி வரும்போது நாற்றத்தை வழியிலேயே விட்டுவிடும். நாறவில்லை என்பதால் அது இல்லை என்று ஆகாது. செம்பருத்தி காய்வது தண்ணீர் இல்லாமல் அல்ல, வேருக்குக் காற்று இல்லாமல்.

அந்தப் பின் அறைத் தரையில் அலமாரிக்குக் கீழே ஒரு விரிசல் உண்டு. எனக்கு நன்றாகத் தெரியும்.

மூடிய அறையில் காற்றோடு அது நூற்றுக்கு ஐந்து பங்கு சேர்ந்தால் போதும், ஒரு பொறியில் வெடிக்கும். நீங்கள் அங்கே உட்கார்ந்து ஸ்பிரிட் விளக்கில் மெழுகு உருக்குகிறீர்கள். தயவுசெய்து அங்கே விளக்கு ஏற்றாதீர்கள். ஜன்னலைத் திறந்தே வையுங்கள். மேட்டில் வாயுக் குழாய்கள் நிற்கின்றனவா, எங்காவது வாயுவை எரிக்கும் சுடர் தெரிகிறதா என்று எழுதுங்கள். கடிதம் வந்து சேரும்வரை பொறுக்க முடியாமல் பல் டாக்டருக்குப் போன் செய்து சொல்லியிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.


ஜனவரி 27

அம்மாடி,

மருந்துச் சீட்டில் "விளக்கு ஏற்றக் கூடாது, மருமகள் உத்தரவு" என்று எழுதி டாக்டர் ஆள் மூலம் அனுப்பினார். கம்பவுண்டர் முதல் வாசலில் நின்றவர்கள்வரை எல்லோரும் படித்தாயிற்று. எந்த மருமகள் என்று ஒருவர் கேட்டாராம்.

நீ கேட்டாய் என்பதற்காக நகராட்சிக்குப் போனேன். ஒரு ஆளை அனுப்பினார்கள். பின்கட்டில் ஒரு சுற்று சுற்றினார், மூக்கை உறிஞ்சிப் பார்த்தார், "ஒண்ணும் இல்ல பெரியவரே, நிம்மதியா தூங்குங்க" என்றார். உதடு நன்றாகத் தெரிந்தது. மேட்டில் குழாய்கள் நிற்கின்றன. எல்லாவற்றுக்கும் மூடி போட்டுப் பூட்டு தொங்குகிறது. எரிக்கும் இயந்திரத்துக்கு டெண்டர் முடியவில்லையாம். சுடரும் இல்லை, புகையும் இல்லை.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ போனபோது என் மகன் சொன்னான், "அவளால இந்த நாத்தத்தத் தாங்க முடியலப்பா, போய்ட்டா." நான் அதை நம்பினேன். என்மேலும் எனக்கு வருத்தம் இருந்தது. மலிவாகக் கிடைக்கிறது என்று இந்த மனையை வாங்கியவன் நான்தானே? ஒரு நல்ல பெண்ணை நாற்றத்தில் குடிவைத்துத் துரத்திவிட்டேன் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். நாற்றம் நின்ற அன்று உனக்கு எழுதவேண்டும் என்று தோன்றியது அதனால்தான். வா என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனாலும் தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதினேன்.

நீயோ, நாறும்போது இருக்க முடியாது என்று போனாய். நாறாதபோது அதைவிட மோசம் என்கிறாய். இந்த வீடு உனக்கு எப்படி இருந்தால்தான் பிடிக்கும்?

விளக்கை ஏற்றத்தான் செய்கிறேன். கையில் ஒரு கிழவியின் கீழ்த்தாடை பாதியில் நிற்கிறது. விளக்கு இல்லாமல் மெழுகு இல்லை, மெழுகு இல்லாமல் பல் இல்லை. அவள் வாய் காத்துக்கொண்டிருக்கிறது.

மாமா


பிப்ரவரி 3

மாமா,

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். ஐந்தாவது எப்படி இருந்தாலும் அனுப்பிவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நாற்றத்துக்காக நான் போகவில்லை. நாற்றத்தில் நிற்பதுதானே என் வேலை? கல்யாணத்துக்கு முன்பும் அதுதான், இன்றைக்கும் அதுதான். ஜன்னலில் ஈரத் துணி கட்டியது உங்கள் இருமலுக்காக. இப்போது உங்கள் மகனுக்கு மனைவியாக இருப்பவர், நான் அந்த வீட்டில் இருந்தபோதே அவர் வாழ்க்கையில் இருந்தார். எனக்குத் தெரிந்ததும் உங்கள் மகன் என்னைப் போகச் சொன்னார், நான் போனேன். அவ்வளவுதான். உங்களிடம் இதை அவர் சொல்லியிருப்பார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். தெரிந்தும் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லையே என்று உங்கள்மேல் கோபமாகவும் இருந்தேன்.

அது போகட்டும். இப்போது அதற்கு அவசரம் இல்லை, இதற்கு இருக்கிறது.

இந்தப் பார்சலில் ஒரு மஞ்சள் பெட்டி இருக்கிறது, சோப்பு டப்பா அளவுதான். வாயு இருந்தால் கூவும். உங்களுக்குக் கூவல் கேட்காது, ஆனால் அதில் விளக்கும் உண்டு. பச்சை என்றால் ஒன்றும் இல்லை. சிவப்பு விட்டுவிட்டு எரிந்தால் அந்த இடத்தில் நிற்கக் கூடாது. எந்த சுவிட்சையும் தொடாமல் வெளியே வந்துவிட வேண்டும். என் சொல்லை நம்ப வேண்டாம், நகராட்சிக்காரர் மூக்கையும் நம்ப வேண்டாம். பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு அறைக்குள் போய்ப் பாருங்கள்.

சிவப்பு எரிந்தால் பக்கத்து வீட்டிலும் கட்டாயம் சொல்லுங்கள். ஐஸ்காரர் பின் அறையில்தானே ஐஸ்பெட்டி வைத்திருந்தார்? அதன் மோட்டார் நின்று நின்று ஓடும். ஒவ்வொரு முறை ஓட ஆரம்பிக்கும்போதும் உள்ளே ஒரு சிறு பொறி விழும்.

வீடு எனக்குப் பிடித்துத்தான் இருந்தது, மாமா.


பிப்ரவரி 14

அம்மாடி,

முன் அறையில் பச்சை. நடையில் பச்சை. பின் அறை வாசலைத் தாண்டியதும் சிவப்பு. பெட்டி கெட்டிருக்கும் என்று முன்னே வந்தேன், பச்சை. திரும்பப் போனேன், சிவப்பு. பொம்மை கிடைத்த குழந்தைபோல நாலைந்து தடவை போய்ப்போய் வந்தேன். பிறகு வாசல் படியில் உட்கார்ந்துவிட்டேன். பல நாளாக அந்த அறையில் நெருப்பை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

அறையின் ஜன்னலைத் திறந்துவிட்டுக் கதவைச் சாத்திவிட்டேன். டாக்டர் தன் மாடி அறையில் வேலை செய்துகொள்ளச் சொன்னார். கிழவியின் தாடையை அங்கே முடித்துக் கொடுத்தேன். கண்ணாடியில் பார்த்துவிட்டு, "முன்னாடி இருந்ததவிட நல்லா இருக்கு" என்றாளாம்.

ஐஸ்காரர் வீட்டுக்கும் அன்றே போனேன். அவரும் நானும் சுவர் ஒன்றாக இருக்கிற பக்கத்து வீட்டுக்காரர்கள், பேசி எவ்வளவோ நாளாகிறது. சண்டை ஒன்றும் இல்லை. என்னிடம் பேசுவதென்றால் கத்த வேண்டும், எத்தனை நாள்தான் ஒருவர் கத்துவார்? அவர் வண்டியோடு போயிருந்தார். மனைவி இருந்தாள். பெட்டியைக் காட்டி, பின் அறையில் வாயு வரலாம், ஜாக்கிரதை என்று சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே, துணி மடித்துக்கொண்டே ஏதோ கேட்டாள். முகம் அந்தப்பக்கம் இருந்தது. சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

மகனுக்கு நான் எழுதவில்லை. எழுதினால் பதில் வரும். வந்தால் அதையும் நம்பவேண்டி வரும்.

உன்னிடம் விசாரிக்காமல் இருந்ததற்கு என்ன சொல்வது? வீட்டில் ஒருவர் சொல்வதைக் கேட்டு மற்றவரைத் தெரிந்துகொண்டே காலத்தை ஓட்டிவிட்டேன். காது இருந்தபோதும் அப்படித்தான்.

மாமா


பிப்ரவரி 20

மாமா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் மேட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தேன். நீங்கள் விளக்கை அணைத்தது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எழுதத் தெரியவில்லை.

ஆனால் ஐஸ்காரர் மனைவி என்ன கேட்டார்? அதை நீங்கள் எழுதவில்லை. உங்களுக்குக் கேட்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இன்னொரு முறை போங்கள். தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். ஐஸ்பெட்டியை நிறுத்தவேண்டும், அல்லது தெருப்பக்கம் மாற்றவேண்டும். டாக்டரையும் கூட்டிக்கொண்டு போனால் நல்லது.

உங்கள் நகராட்சிக்கு எங்கள் கம்பெனித் தாளிலேயே எழுதினேன். விஷயம் பரிசீலனையில் இருக்கிறதாம். மாதக் கடைசியில் எனக்கு லீவு கிடைக்கும். பெரிய மீட்டரை எடுத்துக்கொண்டு நானே வருகிறேன். அதுவரை இரவிலும் டாக்டர் வீட்டு மாடியிலேயே படுத்துக்கொள்ளுங்கள்.


மார்ச் 8

அம்மாடி,

நீ இங்கே இருந்த மூன்று நாளும் நான் உன்னிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. வேலை, ஆட்கள், மீட்டர் என்று நீயும் ஓடிக்கொண்டிருந்தாய். அது எனக்குச் சௌகரியமாகப் போயிற்று. இப்போது மாடி அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் கடிதம் என் கைக்கு வந்தது ஐஸ்காரர் வீடு வெடித்த மறுநாள். தபால்காரரைத் தெருவுக்குள் விடவில்லை, வெளியே நின்று கொடுத்தார். "இன்னொரு முறை போங்கள்" என்று நீ எழுதியிருந்ததைத் தெருமுனையில் நின்று படித்தேன்.

வெடித்த அன்று மத்தியானம், மாடி வேலைக்கு நடுவில் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தேன். எனக்குச் சத்தம் கேட்கவில்லை. தரை ஒரு முறை தூக்கிப் போட்டது. லாரி திரும்ப வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். வெளியே வந்தால் பக்கத்து வீட்டின் பின்பாதி இல்லை. மதில் கல் என் முற்றத்தில் கிடக்கிறது. ஐஸ்காரரைத் தூக்கி வந்தார்கள். அப்போதுதான் வண்டிக்குச் சரக்கு எடுக்க உள்ளே போயிருக்கிறார். இரண்டு கையும் முழங்கைவரை வெந்திருந்தது. கதவு முகத்தில் அடித்து முன்பல் எல்லாம் போய்விட்டது. அவர் மனைவி தெருவில் நின்று கத்துவது தெரிந்தது, என்ன என்று தெரியவில்லை.

நீ வருவதற்கு முன்தினம் விசாரணைக்கு அதிகாரி வந்தார். எனக்காகக் கேள்வியைத் தாளில் எழுதிக் காட்டினார். ஐஸ்காரர் மனைவி சொன்னதாக அதில் இருந்தது இது: "பெரியவர்கிட்ட அன்னைக்கே கேட்டேன், பயப்பட ஒண்ணும் இல்லையேன்னு. ஆமான்னு தலையாட்டிட்டுப் போனாரு."

அம்மாடி, அதுதான் அவள் கேட்டது.

அதிகாரியிடம் ஆமாம் என்று சொன்னேன். எனக்குக் கேட்கவில்லை என்று சொல்லவில்லை. அதைச் சொன்னால் தப்பித்துக்கொள்வதுபோல் இருக்கும் என்று பட்டது. உன்னிடமும் அந்த மூன்று நாளும் இதை மறைத்தேன். குழாய்களின் மூடியைத் திறக்க வைத்தாய், தெருவோரம் பள்ளம் வெட்ட வைத்தாய், வீடு வீடாக அளந்தாய், தெருவையே காலி செய்ய வைத்தாய். எல்லோரும் உன்னைப் பார்த்துக் கைகூப்பினார்கள். நான் உன் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன், நல்லவன் மாதிரி.

இந்த மேட்டை இனி முப்பது வருஷம் அளக்கவேண்டுமாம், அதற்கு ஒரு நிரந்தர ஆள் வேண்டும் என்று நகராட்சி பேப்பரில் போட்டிருக்கிறது. வெட்டி வைத்தேன். அனுப்பக் கூடாது என்று மேசையில் போட்டேன். பிறகு இதோ வைத்துவிட்டேன். நான் கேட்கவில்லை. பேப்பரில் இருந்தது, அவ்வளவுதான்.

மாமா


மார்ச் 19

மாமா,

உங்கள்மேல் தப்பே இல்லை என்று எழுதமாட்டேன். எழுதினாலும் நீங்கள் நம்பமாட்டீர்கள். பூட்டுப் போட்ட குழாய்களோடு ஒரு மேட்டை மூடி, டெண்டருக்காகக் காத்திருந்தவர்கள் இருக்கிறார்கள். மூக்கால் அளந்துவிட்டுப் போனவர் இருக்கிறார். என் அறிக்கையில் அதையெல்லாம் பெயர் போட்டு எழுதியிருக்கிறேன். தலையாட்டல் அந்த அறிக்கையில் வராது. அது உங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் இருப்பது. நீங்கள்தான் போகவேண்டும்.

அந்த மூன்று நாளில் நீங்கள் ஏன் என் முகத்தைப் பார்க்கவில்லை என்று அப்போது எனக்குப் புரியவில்லை. உங்கள் மகன் சொன்னதையே இன்னும் நம்புகிறீர்கள் போல என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். நாமும் இப்படித்தான் இருக்கிறோம், பாருங்கள்.

அந்த வேலைக்கு நான் விண்ணப்பிக்கவில்லை. இரண்டு நாள் யோசித்தேன். சம்பளம் நல்ல சம்பளம், வேலையும் எனக்குத் தெரிந்த வேலை. ஆனால் அங்கே வந்தால் ஒவ்வொரு நாளும் அந்தத் தெரு வழியாகத்தான் மேட்டுக்குப் போகவேண்டும். அந்தப் பின் அறை ஜன்னலைப் பார்க்காமல் என்னால் போக முடியாது. என்றைக்காவது அவர் குடும்பத்தோடு வந்து இறங்குவார். அப்போது நான் அங்கே மீட்டரோடு நிற்க விரும்பவில்லை. உங்களுக்காக வரலாமே என்று மனம் சொன்னது. உங்களுக்காக வந்தேன் என்று ஒருநாள் உங்களிடமே சொல்லிக்காட்டிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

இங்கே எங்கள் வேலை முடிந்துவிட்டது. ஆட்கள் எல்லோரும் நேற்றுக் கிளம்பினார்கள். சமையல்காரரும் போய்விட்டார். அளப்பதற்கு நான் மட்டும் ஒரு வருஷம் இருக்கவேண்டும். சாயங்காலம் பெட்டி அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். புல் நன்றாக வளர்ந்திருக்கிறது. மேய்வதற்கு ஒரு ஆடுகூட இல்லை.

ஐஸ்காரரைப் போய்ப் பாருங்கள், மாமா.


ஏப்ரல் 4

அம்மாடி,

நீ வரமாட்டாய் என்று படித்ததும் முதலில் வருத்தமாகத்தான் இருந்தது. பிறகு கடிதத்தைத் திரும்பப் படித்தேன். நீ சொல்வது சரி. உண்மையைச் சொல்லி வரமாட்டேன் என்றவள் நீ ஒருத்திதான். மற்றவர்கள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவர்கள்.

வீட்டுக்குத் திரும்பலாம் என்று நகராட்சி இன்னும் சொல்லவில்லை. எரிக்கும் இயந்திரம் வந்துவிட்டது. மாடியிலிருந்து பார்த்தால் தூரத்தில் சுடர் தெரிகிறது. மண்ணில் வாயு அளவு குறைகிறதாம். பின் அறையை இடித்துவிட வேண்டும் என்கிறார்கள். இடிக்கட்டும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஐஸ்காரர் இப்போது மைத்துனர் வீட்டில் இருக்கிறார். நேற்றுப் போனேன். முன்பல்லுக்கு அச்சு எடுக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார், நானே எடுத்து வருகிறேன் என்று சாமானை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். சும்மா போவதற்கு எனக்குத் துணிச்சல் இல்லை.

அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். இரண்டு கையிலும் கட்டு. மனைவி ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் நின்றுகொண்டே சொல்லிவிட்டேன். அன்று நீங்கள் கேட்டது எனக்குக் கேட்கவில்லை, கேட்டதுபோல் தலையாட்டிவிட்டேன், இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்க வெட்கமாக இருந்தது என்றேன்.

அவள் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டுப் பேசினாள். வேகமாகப் பேசினாள், எனக்குப் பிடிபடவில்லை. என் முகத்தைப் பார்த்து மெதுவாகச் சொல்லும்படி கேட்டேன். சொன்னாள்.

"உங்களுக்குக் கேக்கலன்னு எனக்கு அன்னைக்கே தெரியும் பெரியவரே. இவர்கிட்டயும் சொன்னேன். நாங்க திரும்ப வந்து கேட்டா, ஐஸ்பெட்டிய நிறுத்துங்கன்னு சொல்லிடுவீங்க. வெயில் தொடங்குற காலம், ஏவாரம் ஆகுற நேரம். நீங்க தலையாட்டுனது எங்களுக்கு வசதியா இருந்துச்சு. விட்டுட்டோம்."

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஐஸ்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பையைப் பிரித்து, மாவைக் குழைத்து, அச்சுத் தட்டில் நிரப்பி, அவரை வாயைத் திறக்கச் சொன்னேன். திறந்தார். தட்டை உள்ளே வைத்து, இறுகும்வரை அசையாமல் விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். முகத்துக்கு முகம் ஒரு சாண்கூட இடைவெளி இல்லை. அவரால் பேச முடியாது. அவர் பேசியிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது. மூச்சு என் கைமேல் பட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் கண் நிறைந்தது. துடைத்துக்கொள்ள அவருக்குக் கை இல்லை. என் இரண்டு கையும் அவர் வாயில் இருந்தன.

இறுகும்வரை அப்படியே இருந்தோம்.

மாமா